கடைசி வரியில் வென்றவர்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் நடுநிலை என்ற சொல்லுக்கு உயிரோடு இருக்கும் ஒரே எடுத்துக்காட்டு தான்தான் என்று தென்னரசு அறிவித்தபோது, அவன் கையில் பாதி கடித்த சமோசா இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. திண்டிவனத்தில் அவன் படித்த கல்லூரியின் கேன்டீனில் அப்போது இருந்த நாலு பேரில் மூன்று பேர் தலையாட்டினார்கள். நாலாவது ஆள் சட்னி கேட்டார்.

அறிவிப்புக்குக் காரணம் விழுப்புரத்திலிருந்து வரும் 'பெண்ணையாற்றுச் செய்தி' நாளிதழ். அந்தப் பேப்பரில் விழுப்புரம் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. போன மாதம் திண்டிவனம் பெண்கள் அவர்களை இருபது புள்ளி வித்தியாசத்தில் துவைத்துக் காயப்போட்டார்கள். மறுநாள் தலைப்பு: 'விழுப்புரம் வீராங்கனைகள் ஆவேச ஆட்டம்.' கீழே பத்து வரிக்கு அந்த ஆவேசமும், கல்லூரி முதல்வர் அதைப் பாராட்டியதும். பதினோராவது வரியில், 'இப்போட்டியில் திண்டிவனம் அணி வென்றது.' தென்னரசு அதைப் படம் பிடித்துத் தன் இன்ஸ்டா பக்கத்தில் போட்டு, 'வென்றவர் பெயரைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு ஒரு கிலோ மல்லாட்டை பரிசு' என்று எழுதினான். கல்லூரியே சிரித்தது. சிரிக்காதவள் அவன் வகுப்புத் தோழி சன்மதி. திண்டிவனம் அணியின் கேப்டன்.

"உனுக்கு ஜோக்கு. எங்கூட்ல இன்னா நடக்குதுன்னு தெரியுமா?" என்று எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் அப்பா நேமிநாதனுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். தங்கம் விலையிலிருந்து மழை வரைக்கும் பேப்பரில் வந்தால்தான் அவருக்கு நடந்த மாதிரி. தன் மண்டி வாசலில் தண்ணீர் தேங்கி நின்றாலும், மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பேப்பர் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். மூன்று வருஷமாக மகள் பெயர் ஒரு வரிகூட வராததால், பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் பிடிக்கிறாள் என்றே முடிவு கட்டியிருந்தார்.

"யூனிவர்சிட்டி டீம் கேம்ப்புக்குக் கூப்ட்டுகிறாங்கடா. நேர்ல வந்து ஒரு மேட்ச் பாருங்கப்பான்னேன். 'நெஜமா ஆடுனா பேப்பர்காரன் போடாம இருப்பானா'ங்கிறாரு. ஞாயித்துக்கெழம ஃபைனல். திங்கக்கெழம பேப்பர்ல வந்தா அனுப்புறேன், இல்லன்னா ஆட்டத்த மூட்டையக் கட்டி வையுன்னுட்டாரு."

"நான் நேர்ல போய்க் கேக்குறேன்."

"இன்னான்னு?"

"நியாயத்த."

"மூஞ்சப் பாரு," என்றாள் சன்மதி. ஆனால் எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை அவன் விழுப்புரம் போனான். பஸ்ஸில் முழு உரையையும் ஒத்திகை பார்த்திருந்தான். நாளிதழ் அலுவலகம் என்றால் வரிசையாக மேஜைகளும், உள்ளே ஏசி அறையில் ஒரு வில்லனும் இருப்பார்கள் என்று நினைத்திருந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. உள்ளே நிருபர் சவுரிராயன், இரண்டு போன், ஆறிய டீ.

"சார், உங்க பேப்பர்ல பாஸ்கெட்பால் நியூஸ் எப்பவும் விழுப்புரம் காலேஜுக்கு சப்போர்ட்டாவே வருது."

சவுரிராயன் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நான் ஒரு மேட்ச்சும் பாத்ததில்ல. அந்தக் கூடைக்கு அடியில ஓட்ட இருக்குன்னே போன வருசந்தான் தெரியும். அந்த காலேஜ் பி.டி. மாஸ்டரு அன்புச்செல்வன் எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புறாரு. கமாகூட மாத்தாம போட்டுக்கினு வர்றேன்."

"அப்ப எங்க காலேஜு?"

"அனுப்புனாத்தானே போடுவேன்? மூணு வருசமா சொல்லிக்கினு கீறேன், ஒருத்தரும் அனுப்பல." கொஞ்சம் யோசித்தார். "நீ எழுதுவியா? நாளைக்கு அன்புச்செல்வன் ஏதோ கல்யாணத்துக்குப் போறாரு. நீயே எழுதி ஆறு மணிக்குள்ள அனுப்பிடு. பேஜாரு பண்ணாத."

படியிறங்கித் தென்னரசு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனான். வில்லன் இல்லை. சதி இல்லை. இவ்வளவு நாளாக அவன் எதிர்த்துப் போராடிய அதிகார பீடம் ஒரு பி.டி. மாஸ்டரின் கட்டைவிரல். திட்டுவதற்கு ஆளில்லாமல் போனதைவிட, அந்த இடத்தில் இப்போது தன் கட்டைவிரலை வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவனை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தது.

ஞாயிறு விழுப்புரத்தில் நடந்த ஃபைனலில் சன்மதி இருபத்தொரு புள்ளி எடுத்தாள். தென்னரசு கடைசி நிமிஷம் வரை மனதுக்குள் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தான். விழுப்புரம் அணியில் ஜெசிந்தா என்று ஒரு முதலாமாண்டுப் பெண். ஒல்லியாக, தோளில் நிற்காத பனியனை இழுத்துவிட்டுக்கொண்டே ஆடினாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது முப்பது புள்ளி எடுத்திருந்தாள். திண்டிவனம் ஒரு புள்ளி பின்னால் இருக்க, கடைசி நொடியில் சன்மதிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தையே தொடவில்லை. திண்டிவனம் ஒரு புள்ளியில் தோற்றது.

வேன் கிளம்பும்போது சன்மதி ஜன்னல் வழியாகக் கேட்டாள். "இன்னா எழுதப் போற?"

"நடந்தத."

"சரி, அதயே எழுது," என்று கண்ணாடியை இழுத்து மூடினாள்.

அந்த வேனில் ஏற அவனுக்குத் தைரியம் வரவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினான். ஜெசிந்தாவின் முப்பது புள்ளி, சன்மதியின் இருபத்தொன்று, தவறிய இரண்டு பந்து. எல்லாம் உண்மை. முடிக்கும்போது சவுரிராயன் போன் செய்தார். "தம்பி, விக்கிரவாண்டி டோல்கேட்ல லாரி கவுந்து, அந்த நியூஸே பேப்பர்ல எடத்த அடச்சிக்கிச்சி. நாலு வரிதான். ஒரு பேருக்கு மேல போடாத. ஜல்தி."

பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். மடியில் வெள்ளிக் கோப்பை.

"அண்ணா, நீங்கதான் பேப்பருக்கு எழுதுறீங்களாமே?" ஜெசிந்தா. நாளைக் காலையில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடு கோப்பையை ஒரு ராத்திரிக்கு அவளிடம் கொடுத்திருந்தார்கள். "எங்க சார் எழுதுனா பிரின்ஸிபால் பேரும் அவரு பேருந்தான் வரும். எங்க பேரு எதுவும் வந்ததே இல்ல."

தென்னரசு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்பா வானூர்ல சென்ட்ரிங் வேலைல கீறாரு. அங்க டீக்கடைல இந்தப் பேப்பர் வரும். நாளைக்குப் பாக்கச் சொல்லிக்கீறேன். என் இனிஷியல் ஆ. அப்பா பேரு ஆரோக்கியராஜு."

"போடுறேம்மா," என்றான். குரல் அன்புச்செல்வனுடையது போல இருந்தது. அவன் அன்புச்செல்வனைப் பார்த்ததே இல்லை.

விக்கிரவாண்டியில் அவள் இறங்கினாள். பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. தென்னரசு நாலு வரியைப் புதிதாக எழுதினான். 'திண்டிவனம் கேப்டன் சன்மதி ஆவேச ஆட்டம்' என்று தலைப்பு. இருபத்தொரு புள்ளிகள் என்பது முதல் வரி. எதிரணியைத் திணறடித்தார் என்பது அடுத்தது. ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர் என்பது மூன்றாவது. யாரும் எழுந்து நிற்கவில்லை. கடைசியாக ஒன்று தேவைப்பட்டது. 'இப்போட்டியில் விழுப்புரம் அணி வென்றது.' ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அனுப்பினான்.

ஜன்னலுக்கு வெளியே ஜெசிந்தா சாலையைக் கடக்க நின்றிருந்தாள். கவிழ்ந்த லாரியால் தேங்கிய வண்டிகள் இப்போதுதான் அவிழ்த்துவிட்டதுபோல ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்துகொண்டிருந்தன. கோப்பையைத் தண்ணீர்க் குடம் போல இடுப்பில் வைத்திருந்தாள். ஒரு காலை முன்வைப்பாள், பிறகு பின்வாங்குவாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும். கோப்பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, இடைவெளிக்காகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.