நல்ல சொல் மட்டும்

முழுநிலாப் போயா நாளில் நாங்கள் றால் பிடிக்க வாவியில் இறங்குவதில்லை. றால் பிரிக்கிற கொட்டிலில் பாயை விரித்து, முறைக்கு ஒருத்தியாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவோம். எங்கள் சங்கத்தில் தலைவி கிடையாது. இருந்தால் அவளை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லாதபடியால் ஒருவரையொருவர் திட்டித்தான் ஆகவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லப்போய் இரண்டு தடவை தலைமயிரைப் பிடித்துக்கொண்டோம். அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. உட்காருபவள் வாவியைப் பார்த்திருப்பாள். பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக ஒரு நல்ல சொல்லும், பிறகு ஒரு குறையும் சொல்வார்கள். திரும்பக் கூடாது, மறுமொழி கூடாது. எல்லோரும் முடித்ததும் "கேட்டுக்கொண்டன்" என்று சொல்லிவிட்டு எழும்பலாம்.

இன்று என் முறை.

லோஜினி தொடங்கினாள். "நிருஷா, நீ கழுவின ஐஸ் பெட்டியில வெடுக்கு மணம் இரிக்காது. ஆனா ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வாறாய்கா."

உண்மைதான். சிரிப்புக்கூட வந்தது. ஆனால் கண், கண்டல் மரங்களுக்கு அப்பால் தெரிந்த முழங்கால் தண்ணீரை விட்டு அகலவில்லை. எங்கள் சங்கத்து இராசாத்தி அக்கா அங்கேதான் உயிரில்லாமல் கவிழ்ந்து கிடந்தார்.

மாசியில் அவருடைய முறை வந்தது. அதற்கு முன்பே, தண்ணீருக்குள் கைவிட்டு றால் தடவும்போது அவர் தள்ளாடுவதை இரண்டு தடவை கண்டிருந்தேன். கண் இருட்டி, றால் போடும் பறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்டது நான் மட்டும்தான். சொன்னால் இவர்கள் அவரைத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், கொட்டிலில் றால் உரிக்க இருத்திவிடுவார்கள். அக்காவுக்கு வாவிதான் உயிர். கடைசியாகப் பேசியவள் நான். "உங்கட கைக்கு றால் தானா வந்து ஏறுமக்கா" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். அதை இரக்கம் என்றுதான் நினைத்தேன், பாவி.

அக்கா எழும்பவில்லை. மிச்சத்தைக் கேட்க இருப்பவர்போல, தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். நெடுநேரம். பிறகுதான் "கேட்டுக்கொண்டன்" என்றார். பன்னிரண்டாம் நாள் தனியாக இறங்கினார்.

இப்போது நாங்கள் ஏழு பேர். என்னை விட்டால் ஆறு குரல். எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆறாவது குரலும் என் வாய்த்துடுக்கைச் சொல்லி முடித்தது. எழும்பக் கையை ஊன்றினேன்.

"உன்ட வாய் நல்ல இனிப்புகா, நிருஷா."

வலது பக்கத்துத் தூணடியிலிருந்து வந்தது. அக்கா வழக்கமாக இருக்கும் இடம். தொண்டையில் தண்ணீர் நின்ற குரல். என் கை ஊன்றியபடியே நின்றுவிட்டது. குறைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வாவிச் சேற்றின் வாசனை மட்டும் வந்தது.

"என்னகா, ஆறு பேரும் சொல்லிட்டம்" என்றாள் லோஜினி. "கேட்டுக்கொண்டன் எண்டு சொல்லிற்று எழும்பன். தேத்தண்ணி ஆறுது."

அந்தச் சொல்லைச் சொன்னால் முடிந்துவிடும். மிச்சம் ஒருநாளும் வராது. தூணடியைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே, சங்கத்தில் ஒருத்தியும் செய்யாததைச் செய்தேன்.

"மிச்சத்தையும் சொல்லுங்கக்கா," என்றேன். "நான் கண்டனான். கண்டும் சொல்லல்ல."

தூணடியில் பாய், யாரோ ஈரச் சேலையோடு எழும்பி என் காதுக்குக் கிட்ட வருவதுபோல், மெல்லச் சரசரத்தது.