இடக் கன்னம்

பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் தனுஜாவுக்கு வேலை. உள்ளே போனால் எல்லாரும் கண் மட்டும் தெரிய வெள்ளை உடுப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். ஆறு வருடமாக அவள் அந்த வேலையை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். பதினைந்து வயதில் வந்த பருக்கள் எப்போதோ போய்விட்டன; அவை விட்டுப்போன குழிகள் இரண்டு கன்னங்களிலும் அப்படியே இருந்தன.

போன வருடம் அக்கா சாந்தினிதான், தெரிந்தவர் என்று சொல்லி, வீட்டிலேயே அழகு நிலையம் வைத்திருந்த காமாரியா என்ற பெண்ணிடம் கூட்டிப்போனாள். பழைய தோலை உரித்துப் புதுத் தோல் வரவைக்கும் மருந்து என்று அந்தம்மா எதையோ பூசினார். எரிந்தது. எரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்றார். மூன்றாம் நாள் கன்னமெல்லாம் கரிந்த மாதிரி கறுத்தது. குழி ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தக் கறுப்பு மங்க எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை சாந்தினி தங்கையின் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை.

அதனால்தான், ஜோர்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் நூர் ஃபாத்திஹா விரலை நீட்டியதுமே தனுஜா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டாக்டர் தொடவில்லை. கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, மலாய் மொழியில் நிதானமாக விளக்கினார். நிறம் மட்டும் மாறிய இடங்கள் தழும்பே அல்ல. வெயில் படாமல் காத்தால் மெல்ல மங்கும். குழிகள் வேறு. தோலுக்கு அடியில் நார் மாதிரி ஒன்று பிடித்துக் கீழே இழுக்கிறது. மேலே எதைப் பூசினாலும் அங்கே எட்டாது. ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுக்க வேண்டும்.

மறுபடி கறுத்துவிடுமா என்று தனுஜா கேட்டாள். கறுக்காது என்று டாக்டர் சொல்லவில்லை. முதலில் தாடை ஓரத்தில் ஒரே ஒரு குழியில் செய்து ஆறு வாரம் பார்ப்போம் என்றார்.

அந்த ஆறு வாரமும் காலையில் கண்ணாடி முன்னால் போகப் பயந்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். தடவினால் நிறம் தெரியாதே என்று பிறகு அதற்கும் பயப்படுவாள். கறுக்கவில்லை. இடக் கன்னம் முழுவதற்கும் நாள் குறித்தார்கள்.

அன்று சாந்தினி சிகிச்சை அறைக் கதவோடு நின்றுவிட்டாள்.

"நான் இங்கயே இருக்கேன்லா. நான் கூட வந்தா எதுவும் வெளங்காது."

"நீ உள்ள வாக்கா. என்னால தனியாப் படுக்க முடியாது."

மரத்துப்போக ஊசி போட்ட பிறகு வலி இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. தலைக்கு உள்ளேயே, நறுக் நறுக்கென்று. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். இருந்தும் தனுஜாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அக்காவின் கையை இறுகப் பிடித்தாள். அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கன்னம் கண்ணுக்குக் கீழே வரை வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பார்த்ததும் சாந்தினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு. திரும்பவும் இப்படி ஆயிருச்சே."

தனுஜா பதறிப்போய்ப் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இது ரத்தக்கட்டு, இரண்டு வாரத்தில் வடிந்துவிடும் என்று பதில் வந்தது. இரண்டு பேரும் நம்பவில்லை. சாந்தினி தினமும் காலையில் வந்து, தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊதா பச்சையானது, பச்சை மஞ்சளானது. பன்னிரண்டாம் நாள் அதுவும் இல்லை.

மூன்று மாதத்தில் இடக் கன்னத்துக் குழிகளில் பாதி மேலே எழும்பிவிட்டன. குறுகி ஆழமானவை அப்படியே இருந்தன. அவற்றுக்கு வேறு சிகிச்சை என்றார் டாக்டர். வலக் கன்னத்துக்கான சம்மதத் தாளை நீட்டினார்.

"பயமா இருக்கா?" என்று சாந்தினி கேட்டாள்.

"அன்னிக்கு மாதிரியேதான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே தனுஜா கையெழுத்துப் போட்டாள்.