நாக்கை வென்ற பிள்ளை

வங்காளத்தில், கங்கைக் கரைக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வைத்தீஸ்வரனுக்கு அந்த வருஷம் தலைகால் புரியவில்லை. மெட்ரிகுலேஷன் வகுப்பில் படிக்கும் ஒரே பிள்ளை அனந்தகிருஷ்ணனுக்கு வைராக்கியம் வந்துவிட்டதாம்! பூஜை லீவிலிருந்து ஒருவேளைச் சாப்பாடுதான். பேச்சு கிடையாது. விடியுமுன் எழுந்து தனியாகக் கங்கைக்குப் போய்விடுகிறான். ஆபீஸ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அந்தப் பையனைக் கோயில் விக்ரகம் மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். காபியும் குடித்துவிட்டுத்தான்.

அம்மா நாகலக்ஷ்மிக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். தை மாதக் குளிரில் தன் கம்பளிச் சால்வையைப் பால்காரனுக்குக் கொடுத்தான். பாடப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டு வங்காளிப் பையனுக்குக் கொடுத்தான். தியாகம் என்று அவளும் மெச்சிக்கொண்டாள்.

அவன் ஜன்ம நட்சத்திரத்தன்று, அவசரத்தில் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். வைத்தீஸ்வரன் ஒரு வாய் வைத்துத் துப்பினார். பிள்ளையோ கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். நாக்கையே ஜெயித்துவிட்டான் என்று குதித்தார் மனிதர்.

நாகலக்ஷ்மி பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஜெயித்தவன் முகமா அது? பாயசம் என்றால் பறக்கிறவன், கண்ணில் உயிரே இல்லை. இத்தனை நாள் நான் எங்கே போயிருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வழக்கமில்லாமல் அன்று சாயங்காலமும் அவன் ஆற்றுக்குக் கிளம்பினான். கிளம்பியவன் நின்று அவளுக்கு நமஸ்காரம் செய்தான். பிறந்தநாள் நமஸ்காரம் காலையிலேயே ஆகிவிட்டதே! எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாயசத்துல உப்புன்னு தெரிஞ்சுதாடா?"

"எதுவுமே தெரியலைம்மா. ரொம்ப நாளா இப்படித்தான். கார்த்தால எழுந்தா, ஏன் எழுந்தோம்னு இருக்கு."

"கங்கைக்கு எதுக்குப் போறே?"

அவன் தரையைப் பார்த்தான். "திரும்பி வராம இருந்துடலாமான்னு."

அவள் அலறவில்லை. கணவரைக் கூப்பிட்டு, அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே, நாளைக்கு ஆபீஸ் ஸ்ரீனிவாசராகவன் குடும்பத்தோடு இவனைப் பார்க்க வருகிறாரே என்று முனகினார்.

"அதே வாயால, பிள்ளைக்கு மனசு சரியில்லை, யாரும் வராதேங்கோன்னு சொல்லிட்டு வாங்கோ. வரச்சே டாக்டரையும் அழைச்சுண்டு வாங்கோ."

வைத்தீஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அனந்து விசும்ப ஆரம்பித்தான். மாதக்கணக்கில் அவன் அழுதே அவள் பார்த்ததில்லை. அழட்டும் என்று விட்டாள்.

"கை வலிக்கறதும்மா" என்றான்.

"வலிக்கட்டும்" என்றாள், பிடியை விடாமல்.