மூன்றாம் மாடி ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்கள்

1.

இந்தக் கதை என் வாயிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மொராவா ஆற்றோரத்துச் சிறு நகரம், மார்ச் மாதம், எங்கள் குடியிருப்பின் முற்றம். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே குழந்தை இருமியது. கீழே நின்றபடி நான் சொன்னேன்: "துஷிட்சா, ஜன்னலச் சாத்தும்மா. குறுக்குக் காத்து புள்ளைய அடிச்சிடும்."

அவள் சாத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் இரண்டு வருடமாக எழுதிப் பார்க்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "துஷிட்சா கொஞ்சம் கவனக்குறைவான தாய்."

அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும். அது ஊர் எழுதிய வரி, நான் படியெடுத்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "மூன்று வயது வூக்குக்கு ஐந்தாம் முறையாக நிமோனியா வந்தபோது—"

இங்கே கை நின்றுவிடுகிறது. ஐந்து வரைக்கும் எண்ணியவர் யார்? துஷிட்சா மட்டும்தான். மற்ற எல்லோரும் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

[அடிக்குறிப்பு: எங்களுக்கு எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே. எதிரெதிரே கதவும் ஜன்னலும் திறந்திருந்தால் நடுவே ஓடும் காற்று. கழுத்து வலி, காது வலி, வாய் கோணுவது, எல்லாம் அதனால்தான். ஜூலை வெயிலில் பேருந்துக்குள் வெந்துபோவோம், ஜன்னலைத் திறக்கமாட்டோம்.]

3.

துஷிட்சாவின் மாமியார் ஸ்தோயங்கா ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி திணித்தாள். குழந்தையின் மார்பில் பன்றிக் கொழுப்பு தடவி, மேலே காகிதம் ஒட்டினாள். கை வேலை செய்தது, வாயும்தான்.

"தல ஈரத்தோட வெளிய கூட்டிட்டுப் போனியா?"

"இல்ல அத்த."

"வெறுங்காலோட நடக்க விட்டியா?"

"இல்ல."

"அப்ப காத்து தானா கதவத் தட்டிட்டு வந்துச்சா? நான் பெத்த மூணும் ஒரு தும்மல் போட்டதில்ல."

"உங்க புள்ளைங்கன்னா காத்துக்கே பயம் போல."



4.

சுகாதார நிலையத்து மருத்துவரை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். கடுகடுத்த முகம், அழுக்கு நகம். பொய். அவர் நல்ல மனிதர். குழந்தைகளுக்கு மிட்டாய் வைத்திருப்பார். வூக் என்றால் ஓநாய், ஒவ்வொரு முறையும் அதே வேடிக்கையைச் சொல்வார்: "என்னடா, ஓநாய்க்கே இருமலா?"

பிறகு தாயின் பக்கம் திரும்புவார். "ஜன்னல் பக்கத்துல படுக்க வெக்கிறீங்களா?"

"டாக்டர், இது அஞ்சாவது தடவ. நடுவுல நாலு தடவ காதுல சீழ். ரத்தத்துல ஏதாவது பாக்கக் கூடாதா?"

"கண்டதையும் படிக்காதீங்கம்மா. வீட்டக் கதகதப்பா வெச்சுக்குங்க."

குழந்தையின் ஏட்டில் எழுதுவார். ஒன்பது முறையும் ஒரே வரி: டான்சில்கள் சற்றே சிவந்துள்ளன.

நல்ல மனிதர்தான். என் ஆத்திரமே அதில்தான்.

5.

அவர் விடுப்பில் போனதால்தான் இந்தப் பகுதி. வந்தவள் நெவெனா என்ற இளம் மருத்துவர். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தாள். நெடுநேரம் பார்த்தாள். பழைய பக்கங்களைப் புரட்டினாள். மறுபடி பார்த்தாள்.

"இவனுக்கு டான்சில எடுத்தாச்சா?"

"இல்லையே."

"அப்ப எங்க?"

துஷிட்சாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தபோது நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன்: இல்லாத ஒன்று ஒன்பது முறை சிவந்திருக்கிறது.

"வூக்னு பேர் வெச்சது யாரு?" என்றாள் நெவெனா.

"நாந்தான்."

"ஆம்பளப் புள்ள தங்காத வீட்டுலதான் அப்படி வெப்பாங்க, சாவு பயந்து ஓடணும்னு. எங்க ஊர்லயும் உண்டு. உங்க வீட்டுல யாரு?"

"என் தம்பி. மிலோயே. ரெண்டு வயசு, நெஞ்சுல சளி. அம்மா ஜன்னலத் திறந்து வெச்சதுதான் காரணம்னு அவங்க கண்ண மூடுற வரைக்கும் ஊர்ல எல்லாரும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"உங்க அம்மாகூடப் பிறந்தவங்க?"

துஷிட்சா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பசங்க. வளரல."

தன் வீட்டில் ஆண்பிள்ளை தங்காததை மகன் பெயரிலேயே எழுதி மூன்று வருடமாக எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் அதை வேடிக்கையாக்கிச் சிரித்தார்கள்.

ரத்தம் சோதித்தார்கள். கிருமியை எதிர்க்கும் புரதத்தை அவன் உடல் செய்வதே இல்லை. தாய் வழியாக மகன்களுக்கு வரும் குறை. அதைச் செய்ய வேண்டிய அணுக்கள் இல்லாததால் டான்சிலும் வளரவில்லை. இப்போது மூன்று வாரத்துக்கொருமுறை பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதத்தை அவன் நரம்பில் ஏற்றுகிறார்கள். அவன் ஓடுகிறான். வலது நுரையீரலின் அடிப்பகுதி மட்டும் தழும்பேறிவிட்டது. அது திரும்பாது. முன்பே பார்த்திருந்தால் என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன்—

6.

முதல் முடிவு: பழைய மருத்துவர் மன்னிப்புக் கேட்கிறார். கிழித்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. அடுத்த முறை, அதே கையெழுத்தில், "டான்சில்கள் இல்லை" என்று எழுதினார்.

இரண்டாம் முடிவு: ஸ்தோயங்கா மருமகளைக் கட்டிக்கொள்கிறாள். அவள் உண்மையில் சொன்னது வேறு. "பாத்தியா, காத்து இல்லியாம். உன் ரத்தமாம்." பழி இடம்தான் மாறியது, ஆள் மாறவில்லை.

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. இருப்பதை மட்டும் சொல்கிறேன். மே மாதம். முற்றத்து லிண்டன் மரத்தில் இலை விட்டாயிற்று. மூன்றாம் மாடியில் வூக் சொல்கிறான்: "அம்மா, ஜன்னலத் திற." துஷிட்சா இடுக்குகளிலிருந்து பழந்துணியை ஒவ்வொன்றாக உருவுகிறாள். கொக்கியில் கை வைக்கிறாள். திறக்கிறாள்.

அவன் இருமுவான். தழும்பு இருமத்தான் செய்யும். அப்போது அவள் முற்றத்தைக் குனிந்து பார்ப்பாள், யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று.

நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.