பொட்டு வைத்த பலகை

பலகையின் நடுவில் மட்டும் வெளிச்சம் திட்டாக அடித்தது. என் கம்ப்யூட்டர் திரையில் அப்படி எதுவுமே இல்லை.

"படத்துல ஒண்ணு, பலகைல ஒண்ணுன்னா அப்புறம் எதுக்கும்மா இந்த சாஃப்ட்வேர்?" என்றார் முதலாளி அய்யாசாமி. லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கவில்லை என்றால் திருமழிசை தொழிற்பேட்டையில் எனக்கு வேலை இல்லை என்பதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நகைக்கடை ஷோகேஸ் செய்யும் விக்ரம் மறுநாள் மாதிரியைப் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் நான் பிழைத்தேன்.

விஷயம் இவ்வளவுதான். தெளிவான அக்ரிலிக் பலகை, அதன் ஓரத்தில் எல்இடி. உள்ளே போன வெளிச்சம் சும்மா வெளியே வராது. பலகையின் முதுகில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு செய்தால், அது பட்ட இடத்தில் வெளியே வரும். எந்த இடத்தில் எத்தனை புள்ளி என்று சாஃப்ட்வேரில் வரைந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. திரையிலும் அந்தத் திட்டு வருகிறதா என்று புள்ளியைக் குழியாக்கினேன், மேடாக்கினேன், கூம்பாக்கினேன். திரையில் வெளிச்சம் கல்லில் தேய்த்த தோசை மாவு போலச் சீராகப் பரவியது. பலகையில் இருந்த திட்டு மட்டும் திரையில் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மவுஸ்தான் அடி வாங்கியது.

கடைசியில், பின்னால் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைப் பிய்த்தேன். நட்டநடுவில் சந்தனப் பொட்டு. விரல் ரேகை கூடத் தெரிந்தது. என் புள்ளிகளைப் போலவே அதுவும் வெளிச்சத்தை வெளியே இழுத்திருக்கிறது.

போன வாரம் ஆயுத பூஜை. டிரில் மிஷின், வாட்டர் கேன், என் மானிட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது பேக்கிங் பிரிவு பேபி அக்கா. வருகைப் பதிவு கேமராவுக்கும் வைத்துவிட்டதில் அரை நாள் எல்லோரும் ஆப்சென்ட்.

"அக்கா, இதுக்குமா வெச்சீங்க?"

"இன்னாமா இப்டி கேக்குற? மிஷினுக்கு வெச்சிட்டு அது பெத்தத வுட்டுருவனா?"

ஈரத்துணியை எடுத்தேன். அய்யாசாமி பாய்ந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கினார். "வியாபாரம் பேசப் போற பொருளு! பொட்டை அழிச்சா வெளங்குமா?"

"அப்ப புதுசா ஒண்ணு பண்ணிடறேன் சார்."

"பூஜை போட்ட பலகைதான் போவும்." பேபி அக்கா ஆமாம் போட்டார்.

நாற்காலியை இழுத்த இழுப்பில் அதன் சக்கரம் ஒன்று கழன்றது. அக்ரிலிக்கில் போட்ட புள்ளியை எடுக்க முடியாது. லேசர் மிஷினில் கூடுதலாகப் போட முடியும். பொட்டின் வெளிச்சத்தைக் குறைக்க முடியாவிட்டால், மற்ற இடத்தை எல்லாம் அதன் அளவுக்கு ஏற்றுவதுதான் வழி. பொட்டை ஸ்கேலால் அளந்து சாஃப்ட்வேரில் வரைந்தேன். சந்தனம் வெளிச்சத்தை எப்படிச் சிதறடிக்கும் என்ற விவரம் அதில் இல்லை. செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போல. நானே ஒரு மதிப்பை மாற்றி மாற்றிப் போட்டேன். திடீரென்று திரையிலும் அதே இடத்தில் அதே திட்டு! கத்தியே விட்டேன். சாஃப்ட்வேர் பாவம், ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கு யாரும் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொட்டை விட்டு மற்ற இடமெல்லாம் புள்ளிகளை நெருக்கிப் போட்டு, பலகையை லேசருக்கு அனுப்பினேன். தாளை ஒட்டி விளக்கைப் போட்டால் திட்டைக் காணோம். பலகை முழுக்க முன்பைவிடப் பிரகாசம்.

மறுநாள் விக்ரம் வந்தார். பலகைமேல் ஒரு ஆரத்தை வைத்துப் பார்த்தார். "பிரமாதம். எல்லாமே அச்சு அசலா இதே மாதிரி வேணும்."

அவர் போனதும் அய்யாசாமியைக் கெஞ்சினேன். "சார், இந்த டிசைன்ல பொட்டு இல்லாட்டி நடுவுல இருட்டா ஓட்டை விழும். பொட்டில்லாம ஒண்ணு வரைஞ்சு தரேன்."

"அவரு ஓகே பண்ணது இதத்தான். ஒண்ணையும் மாத்தாத." லைசென்ஸுக்கு அன்றே பணம் கட்டினார். எனக்கு உயிர் வந்தது.

இனி வரும் பலகைக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னதற்குப் பேபி அக்கா மட்டும் கையை விரித்துவிட்டார். "சாமிக்கு வருசத்துல ஒரு நாளு வெச்சேன். தெனம் கம்பெனிக்கு வெச்சிகினு இருக்க நான் இன்னா பூசாரியா?"

"பொட்டை டிராயிங்ல ஏத்துனது நீதானே கனிமொழி?" என்றார் அய்யாசாமி.

அடுத்த வாரம் அய்யாசாமி, பக்கத்து ஷெட் முதலாளி துலுக்கானத்தை எங்கள் வேலையைக் காட்ட அழைத்து வந்தார். வரிசையாகப் பலகைகள், அவற்றின் முன்னால் இடது கையில் சந்தனக் கிண்ணத்தோடு நான்.

"இவங்கதான் நம்ம ஆப்டிகல் டிசைனர்" என்று அய்யாசாமி பெருமையாக ஆரம்பித்தார். துலுக்கானம் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, என் முன்னால் வந்து கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றார்.

வைத்துவிட்டேன்.