கை மேல் பழி

கடைக்காரர் கண்ணாடி மேசையின் மேல் இரண்டு பேனா கிட்டுகளைப் பிரித்து வைத்தார். பித்தளைக் குழாய், கிளிப், முனை, ரீஃபிலை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் திருகு. கடைந்த மரத்துக்குள் இவற்றை அழுத்திப் பொருத்திவிட்டால் பேனா தயார். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன.

மரப் பேனா கடைந்து விற்கும் அவன், முதல் கிட்டின் திருகை விரலால் சுழற்றினான். சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டாவதைச் சுழற்றினான். பாதியில் சிக்கி, கரகரத்து, அழுத்திய பிறகுதான் நகர்ந்தது.

"இது கடிக்குதே பாஸ்?"

"புதுச் செருப்பு கடிக்கல? அந்த மாதிரிதான்." கடைக்காரர் சிரித்தார். "பேனா வாங்குறவன் எழுதியா பார்க்குறான்? பாக்கெட்ல குத்திக்கிட்டுக் கண்ணாடியத்தான் பார்க்குறான்."

"இது ஆஸ்பத்திரி ஆர்டர். கை விழுந்தவங்க திருகிப் பழகுறதுக்கு. நல்ல கிட் போட்டுத்தான் சாம்பிள் காட்டினேன்."

"காட்டினீங்க, அவங்களும் சரின்னுட்டாங்க. இனிமே யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா? விலையில பாதிகூட இல்ல தம்பி இது. வீட்டுல வைத்தியச் செலவ வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு தர்மம் பண்ணணும்?"

கடைசி வாக்கியம் சரியான இடத்தில் போய்த் தைத்தது. லேத்தும் உளியும் அவனுக்குப் பத்து விரல்போல. மட்டமான சாமான் எது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும், இந்த ஒரு தடவைதானே என்று மனசு மெல்ல வழுக்கியது. கடிக்கிற கிட்டையே மொத்தமாகக் கட்டச் சொன்னான்.

அந்தச் சாம்பிள் அவன் மனைவியின் பேனா. ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் கழுத்து நரம்பு அடிபட்டு, அவளுடைய வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். பேனா பிடிக்காவிட்டால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. அவள் பிடித்துப் பழகட்டும் என்றுதான் தடியாக ஒரு பேனா கடைந்து கொடுத்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையின் பிசியோ மேடம், தன் நோயாளிகள் எல்லோருக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார்.

விரல்கள் மெல்ல மெல்ல உயிர் பெற்றன. அச்சக மேனேஜரும் நல்ல மனிதர். இத்தனை மாதம் அவள் நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தவர், கடைசியில் போன் செய்தார். "திங்கட்கிழமை வந்து ஒரே ஒரு பக்கம் திருத்திக் காட்டுங்கம்மா. முடியலன்னா வேற ஆள் போட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

புதுப் பேனாக்கள் பயிற்சி அறைக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, மனைவியை அழைத்துவர அவன் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டான். கதவருகே நின்றபோது மேடத்தின் குரல் கேட்டது.

"உங்க பேனா உங்களுக்குப் பழகிப்போச்சு. அதை எடுத்து வச்சுட்டு இதுல பண்ணுங்க. அப்பதான் கை நிஜமா தேறிடுச்சான்னு தெரியும்."

மேடம் நீட்டியது அவன் கடைந்து கொடுத்த புதுப் பேனாக்களில் ஒன்று.

அவள் இடது கையால் பேனாவின் அடியைப் பிடித்துக்கொண்டு, வலது விரல்களால் மேல்பாதியைத் திருகினாள். நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினாள். விரல்கள் வழுக்கி, பேனா மேசையில் உருண்டது. பக்கத்து நாற்காலியில், பக்கவாதத்தில் வேலையை விட்ட பஸ் டிரைவர் ஒருவர், தன் பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் என் பேனாவத் திருகினீங்களே அண்ணே?" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"திருகினேன்மா. வீட்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன் வேற." அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "விரல் நம்மள நல்லா ஏமாத்தியிருக்கு."

அவன் வாசலிலேயே நின்றான். உள்ளே ஓடிப் போய், பேனாதான் கோளாறு என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத் தாண்ட அவனால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அவள் சாதத்தை இடது கையால் அளைந்துவிட்டு எழுந்துவிட்டாள். மறுநாள் காலை அவன் பல் துலக்கிவிட்டு வரும்போது, அடுக்களை மேசை மேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.

"யாருக்கு?"

"மேனேஜருக்கு. வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிடறேன்."

அவன் பாய்ந்து அழைப்பைத் துண்டித்தான். "உன் கைக்கு ஒண்ணும் இல்ல. பேனாதான் சரியில்ல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "சமாதானம் சொல்லாதீங்க, ப்ளீஸ். என் மேல இருக்கற பாசத்துல நீங்க எதையும் சொல்வீங்க."

உண்மை ஆறுதல் மாதிரி ஒலித்தது. அதுதான் கொடுமை. அவன் பட்டறைக்கு ஓடி, மிச்சமிருந்த கிட் ஒன்றை எடுத்து வந்து, திருகை மட்டும் அவள் முன்னால் வைத்தான்.

"இடது கையால திருகிப் பாரு."

"எதுக்கு?"

"திருகேன்மா!"

அவள் சலிப்போடு எடுத்தாள். ஒரு குறையுமில்லாத அந்தக் கையிலும் திருகு பாதியில் சிக்கியது. கட்டை விரல் சிவக்க அழுத்தினாள். கரகரவென்று முனகிக்கொண்டு நகர்ந்தது. அவள் தன் இடது கையை ஏதோ அந்நியக் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது எப்படி... அந்தக் கடைக்காரர் உங்கள ஏமாத்திட்டாரா?"

தப்பிக்க ஒரு வாசல் தானாகத் திறந்தது. "ஆமா" என்றால் போதும். அவன் தரையைப் பார்த்தான்.

"இல்ல. கடையிலேயே திருகிப் பார்த்தேன். தெரிஞ்சேதான் வாங்கினேன். விலை கம்மின்னு."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"நேத்து கதவுகிட்ட நின்னீங்க. நான் பார்த்தேன். எனக்காகக் கலங்கி நிக்கிறீங்கன்னு நினைச்சேன்." திருகை மேசையில் போட்டாள். "விடியற வரைக்கும் பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? நான் தூங்கலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"என் கைய நானே சபிச்சுக்கிட்டேங்க. வெட்டிப் போட்டாக்கூடத் தேவலைன்னு நினைச்சேன்."

போன் அடித்தது. மேனேஜர். அவன் எடுக்கவும் துணியவில்லை, நிறுத்தவும் துணியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சார், வணக்கம். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்... சரி சார். வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். "எனக்குச் சொல்லிட்டீங்க. அந்த டிரைவர் அண்ணனுக்கு யார் சொல்றது? சட்டை மாத்துங்க. இன்னைக்கும் பயிற்சி இருக்கு."

"மேடத்துக்குப் போன்ல சொல்லிடட்டுமா? பேனாவ மாத்தித் தந்துடறேன்."

"பேனாவ மாத்துவீங்க. அவங்க மனசுல விழுந்தத யாரு மாத்துறது? நேர்ல வந்து சொல்லுங்க. எல்லார் முன்னாடியும்."

பயிற்சி அறையில் அவன் நடுவில் நின்று சொல்லி முடித்தபோது, மேடம்தான் முதலில் வெடித்தார்.

"என்ன சார் இது? மூணு பேருக்கு முன்னேற்றம் இல்லைன்னு எழுதி டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன். நான் திருகினப்பவும் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. உங்க வேலைங்கறதால சந்தேகப்படத் தோணல."

"எல்லாத்தையும் நல்ல கிட் போட்டுப் புதுசா கடைஞ்சு தரேன் மேடம். எனக்கு நஷ்டம்னாலும் பரவாயில்ல."

"உங்க நஷ்டத்தப் பத்தி யாருங்க இங்க கேட்டா?" என்றாள் மனைவி. குரலில் வீட்டுச் சலுகை எதுவும் இல்லை.

டிரைவர் அந்தப் பேனாவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார்.

"தம்பி, நான் பஸ் ஓட்டுன காலத்துல கியர் விழலன்னா டிப்போவுல போய்க் கத்துவேன். வண்டி சரியில்லடான்னு. என் கை சரியில்லன்னு ஒரு நாளும் தோணினதில்ல. ஆனா நேத்து வீட்டுக்குப் போயி, இனிமே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு அவதான் திட்டி இழுத்துட்டு வந்தா."

அவன் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுடுங்கண்ணே."

"மன்னிப்பு இருக்கட்டும். இதை மட்டும் மனசுல வச்சுக்க." டிரைவர் பேனாவை அவன் உள்ளங்கையில் வைத்து, தன் நடுங்கும் விரல்களால் மூடினார். "நல்லா இருக்கறவன் கையில மட்டமான சாமானக் கொடுத்தா, அவன் சாமானத் திட்டுவான். முடியாதவன் கையில கொடுத்தா, அவன் தன்னையே திட்டிக்குவான். கேள்வி கேட்க மாட்டான்னு அவனுக்கு மட்டத்தக் கொடுக்காதே. கேட்க முடியாதவனுக்குத்தான்யா முதல் தரம் கொடுக்கணும்."