பதினான்காம் மேசை

ஐம்பத்து மூன்று நிமிடம் நாற்பது நொடி, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, ஆளில்லாத நாற்காலியின் பக்கத்துக் கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, வெள்ளைக் காய்கள் பதினாறும் வைத்தது வைத்தபடி நிற்கின்றன, எதிரே கறுப்புக் காய்களுக்குப் பின்னால் மிருதுளா கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒன்பது வயதுப் பிள்ளை இப்படி அசையாமல் உட்கார்ந்து அவள் அப்பா கோமதிநாயகம் பார்த்ததே இல்லை, அவள் கடிகாரத்தையும் பார்க்கவில்லை பலகையையும் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்க்கிறாள், அதில் ஒரு பையன் உட்கார்ந்தால் அவன் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பார்க்கிறாள். மூன்று மேசை தள்ளி, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண்ணோடு கோமதிநாயகம் ஆடிக்கொண்டிருந்தார், ஆடிக்கொண்டிருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, அவருடைய முறை வந்து வெகுநேரமாகியும் கை எந்தக் காய்க்கும் போகவில்லை. வெளியே சாரல், தென்காசிப் பக்கத்து ஆடி மாதச் சாரல், பள்ளிக்கூட ஹாலின் தகரக் கூரையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருக்கிறது, யாரோ நனைந்த குடையொன்றைக் கொண்டுவந்து அந்தக் காலி நாற்காலியின் முதுகில் மாட்டியிருக்கிறார்கள், சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் நாற்காலிக்கு அடியில் தேங்கி, யாரோ முழுக்க நனைந்துபோய் வந்து உட்கார்ந்ததைப் போல, மேசைக்கு அடியில் பிள்ளையின் கால்களை நோக்கி மெல்ல ஊர்கிறது.

விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆளுக்கு ஒரு மணி நேரம், வராத ஆளின் கடிகாரத்தையும் நடுவர் ஓட விட்டுவிடுவார், அரை மணிக்குள் வந்து உட்கார்ந்தால் ஆடலாம், வராவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். இந்த அரை மணி நேரத்தைப் பார்ப்பதற்காகத்தான் கோமதிநாயகம் இந்தச் சனி ஞாயிறுப் போட்டிக்கே வந்திருந்தார், அது அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதற்கு எதிரே தன் பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள் என்றுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று. காலையில் சுவரில் தாளை ஒட்டியதும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார், பதினான்காம் மேசை, வெள்ளை நவநீதன் ஜி, கறுப்பு மிருதுளா ஜி, அடுத்தடுத்து இரண்டு பெயர், ஒரே இனிஷியல், பக்கத்தில் நின்ற மனிதர் அதை வாசித்துவிட்டு, அண்ணனும் தங்கச்சியுமா சார், மொத ரவுண்டுலயே மாட்டிக்கிட்டாங்களே, வீட்ல போயி சண்ட போடப் போவுதுங்க என்று சிரித்தார், கோமதிநாயகமும் சிரித்தார், சிரித்ததுதான் அவருக்கு இப்போதும் ஆறவில்லை, அப்போதே நடுவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்வதற்கு நாக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது, திரும்பிப் பார்த்தால் மிருதுளா ஏற்கெனவே தாளின்மேல் விரல் வைத்து இரண்டு பெயரையும் படித்து முடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒரு துளி ஆச்சரியம்கூட இல்லாமல், நடந்துபோய்ப் பதினான்காம் மேசையில் உட்கார்ந்திருந்தாள், எப்போதோ வருகிறேன் என்று சொன்ன ஆள் வந்துவிட்டதைப் போல.

நவநீதன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, அதுவும் ஒரு சனிக்கிழமைதான், தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடம், பெற்றோர்களை ஹாலுக்குள் விடமாட்டார்கள், கோமதிநாயகம் வெளியே புங்கமரத்தடியில் மற்ற அப்பாக்களோடு உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருக்கிறார், அவர் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் என்று தெரிந்ததும் ஒருவர் தன் வீட்டு மோட்டார் இரைவதைப் பற்றிக் கேட்கிறார், இவர் பேரிங் போயிருக்கும் என்கிறார், ஏழு வயது மிருதுளா மடியில் இருக்கிறாள், இரண்டு மணிக்கு மதிய ரவுண்டுக்கு மணி அடிக்கிறது, உள்ளே ஹால் அமைதியாகிறது, பையன் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து இவர் இன்னொரு கடலையை உடைக்கிறார். மூன்றரைக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள், அவன் வரவில்லை, கேட்டால், மதியம் அவன் வரவே இல்லையே சார், அரை மணி பாத்துட்டு வாக் ஓவர் போட்டாச்சு என்றார்கள். பஸ் ஸ்டாண்டு, மெயின் ரோட்டுக் கடைகள், கோவில் என்று தேடினார்கள், அவனோடு பின்கேட் வழியாக ஆற்றுக்குப் போன இரண்டு பையன்கள் ஐந்து மணிக்கு மேல்தான் வாயைத் திறந்தார்கள், மணி அடிச்சதும் நாங்க ஓடி வந்துட்டோம், இன்னும் ஒரு முங்கு போட்டுட்டு வாரேன்னான், நீங்க போங்கலேன்னான். ஆக அந்த அரை மணி நேரம் உள்ளே அவன் கடிகாரம் ஓடியிருக்கிறது, ஆற்றில் அவன் தனியாக இருந்திருக்கிறான், வெளியே அப்பா பேரிங்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அவருடைய மனைவி செண்பகவல்லி ஒரே ஒரு முறைதான் சொன்னாள், வாசல்லயே உக்காந்து என்னத்தக் காவல் காத்தீங்க என்று, பிறகு சொல்லவே இல்லை, சொல்லாததுதான் வீடு முழுக்க நின்றது. அடுத்த வருடம் மிருதுளா நானும் செஸ் ஆடப் போறேன் என்று அடம்பிடித்தபோது, போகட்டும், ஆனா நீங்களும் உள்ள இருக்கணும், அவ கண்ணு முன்னால இருக்கணும் என்றாள். பெற்றோர் உள்ளே இருப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது, நாற்பத்தாறு வயதில் குதிரை எப்படித் தாவும் என்று மகளிடமே கற்றுக்கொண்டு, தானும் பெயர் கொடுத்து ஹாலுக்குள் போனார், தரை எட்டாமல் காலை ஆட்டும் பிள்ளைகளிடம் இருபது காய் நகர்த்தலில் தோற்றார், தோற்ற பிறகும் பலகையைப் பார்த்து யோசிப்பதைப் போல உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படி உள்ளே இருந்து பழகிய பிறகுதான் அந்த எண்ணம் வந்தது, போன மாதம் கடையில், நாற்பத்திரண்டு சுற்று வரவேண்டிய காயிலை எண்ணிக்கொண்டே ஒரு கையால் போனில் இந்தப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பினார், தன் பெயர், மகள் பெயர், கீழே இன்னொருவரைச் சேர்க்கவா என்று கேட்டது, ந என்று ஒரு எழுத்து அடித்தார், மீதியைப் போனே போட்டது, பெயர், பிறந்த தேதி, அவன் வாங்கியிருந்த ரேட்டிங், எல்லாம், போன் அவனை இன்னும் மறக்கவே இல்லை, அனுப்பு என்பதை அழுத்திவிட்டுப் பார்த்தால் எத்தனை சுற்று சுற்றினோம் என்பது விட்டுப்போயிருந்தது, முழுவதையும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். யாரோ ஒரு பிள்ளைக்குச் சும்மா ஒரு பாயிண்ட் கிடைக்கும், நமக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்தக் கடிகாரம் ஓடுவதை உள்ளே இருந்து பார்த்தால் போதும் என்று நினைத்தார்.

நாற்பத்தெட்டு நிமிடம், நாற்பத்தேழு. பார்க்கப் பார்க்க ஹால் மாறிக்கொண்டே வருகிறது, தகரக் கூரைச் சாரல் ஆற்றின் இரைச்சலாகிறது, இது அந்தப் பள்ளிக்கூடம்தான், இது அந்த மதியம்தான், அதோ இரண்டு பையன்கள் தலைமுடி நெற்றியில் ஒட்ட ஈரத்தோடு குனிந்து ஆடுகிறார்கள், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, நடுவர் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மணியைப் பார்த்துவிட்டு நகர்கிறார், ஜன்னல் வழியே புங்கமரம் தெரிகிறது, மரத்தடியில் கோமதிநாயகம் தெரிகிறார், அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை, கடலையை ஊதித் தோல் பறக்கவிட்டுச் சிரிக்கிறார், உள்ளே இருக்கும் கோமதிநாயகம் எந்திரிடா, எந்திரிச்சுப் பின்பக்கம் போடா என்று தொண்டை கிழியக் கத்துகிறார், வெளியே இருப்பவர் திரும்பவே இல்லை, கைநிறையக் கடலையை மடியில் இருக்கும் பிள்ளையிடம் நீட்டுகிறார், பிள்ளை மட்டும் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறது, நேராக இவரைப் பார்க்கிறது, எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொள்கிறது. அங்கிள், ஒங்க மூவ் என்றாள் எதிரே இருந்த பல் விழுந்த பெண். அவர் ஏதோ ஒரு சிப்பாயை நகர்த்தினார். அவள் யோசிக்காமல் அவருடைய ராணியை வெட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்துவிட்டு, கழுத்தை நீட்டிப் பதினான்காம் மேசையைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கிள், அந்த அக்கா யார்கூடப் பேசுதாங்க, அங்க யாருமே இல்லையே என்றாள்.

மிருதுளாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாற்காலியைப் பார்த்துத்தான், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் போல, நடுவில் ஒரு முறை பதில் கேட்டதைப் போலத் தலையையும் ஆட்டினாள், லேசாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கண்டதும் கோமதிநாயகம் எழுந்தார், நாற்காலி கிறீச்சிட்டது, வரிசைக்கு நடுவில் நடந்தார், சார், சார், ஒங்க போர்டுக்குப் போங்க என்று நடுவர் ஜெயசீலி மேடம் பின்னாலேயே வந்தார், இவர் நிற்கவில்லை, பதினான்காம் மேசைக்குப் போய்க் கடிகாரத்தின் நடுவில் இருக்கும் பட்டனை அழுத்தினார். நாற்பத்தொரு நிமிடம் பன்னிரண்டு நொடியில் எண்கள் நின்றன. இன்னும் பதினோரு நிமிடம், அதைப் பார்க்கத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தார், அது இனி வேண்டாம் என்று அந்த நொடியில் தோன்றியது. கடிகாரத்தத் தொடக்கூடாது சார், தெரியாதா ஒங்களுக்கு என்றார் மேடம். பேரு தப்பாப் போட்டுட்டேன் மேடம், நான்தான் போட்டேன், இங்க ஆடுறதுக்கு ஆள் கிடையாது, என் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன் என்றார் இவர். அவர் முகத்தைப் பார்த்த மேடம் நாற்காலியில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்து வழிவிட்டார்.

வராந்தாவில் யாரும் இல்லை. மிருதுளா கையை உதறினாள். ஏம்ப்பா நிறுத்துனீங்க, இன்னும் டைம் இருந்துச்சுல்ல, அண்ணன் வந்திருப்பான்ல. அவர் மண்டிபோட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அந்தப் பேர நான்தாம்மா எழுதுனேன் என்றார். நீங்களா, அவன் எழுதலையா என்று கேட்டாள், நான் யார்ட்டயும் சொல்லல, அதான் ஆட வந்துட்டான்னு நெனச்சேன் என்றாள். என்னத்தச் சொல்லல. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அன்னைக்குச் சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனேன்லப்பா, பின்கேட்டுப் பக்கத்துல அண்ணன் நின்னான், பேண்ட மடிச்சு விட்டுருந்தான், ஏட்டி மிருது, ஆத்துக்குப் போயிட்டு இப்ப வந்துருதேன், அப்பாட்ட சொல்லிராத, சொன்னா இனிமே ஒங்கூட ஆடவே மாட்டேன், சொல்லாம இருந்தா ஒங்கூட ஆடுதேன்னு சொன்னான், நான் சொல்லவே இல்லப்பா, போலீஸ்மாமா கேட்டப்பவும் சொல்லல, அம்மாட்டயும் சொல்லல, இப்பக்கூட அவங்கிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், சொல்லல, சொல்லலன்னு.

கோமதிநாயகத்துக்கு அந்தப் பிள்ளை ஈரக்கையோடு ஓடிவந்து மடியில் ஏறியது ஞாபகம் வந்தது, வேட்டியில் கையைத் துடைத்தது, கடலையைக் கொறித்தது, மதியம் முழுவதும் அவர் தேடவேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர் மடியிலேயே இருந்தது. எல்லாரும் தேடி அலையும்போதாவது ஏன் பிள்ள சொல்லல என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அதைக் கேட்டுவிட்டால் பிறகு ஆயுளுக்கும் அந்தப் புங்கமரத்தடியில் அவருக்குப் பதில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தது, முள்ளை முழுங்குவதைப் போல அதை முழுங்கினார். இப்பச் சொல்லிட்டேன்லப்பா, இனிமே ஆட வரமாட்டான்ல என்று கேட்டாள் மிருதுளா. வரமாட்டான் என்றார் அவர், நீ சொன்னதுனால இல்லம்மா, நீ சொல்லாததுனாலயும் இல்ல, நீ ஏழு வயசுப் பிள்ள, நான்லா எந்திரிச்சுப் பாத்திருக்கணும், அண்ணன் செத்துப்போயிட்டாம்மா. தவறிட்டான், போயிட்டான், இல்லை என்றெல்லாம் ஊருக்குச் சொல்லியிருக்கிறாரே தவிர அந்த வார்த்தையை அவர் வாய் அன்றுதான் சொன்னது. அண்ணனைக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தியிருந்தபோதுகூட வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளை, அவர் தோளில் முகத்தை வைத்து, முதலில் சத்தமில்லாமல், பிறகு ஹாலுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அழுதாள்.

அடுத்த ரவுண்டுக்கு அவர்கள் இருக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், ஊர் நெருங்கும்போது, அம்மாட்ட நானே சொல்லுதேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தெருமுனையில் அவர் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள், கதவு திறந்தது, மூடவில்லை, கோமதிநாயகம் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார், உள்ளே மகளின் குரல் கேட்டது, வார்த்தை விளங்கவில்லை, ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனாள், பிறகு நின்றது, அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை, அழுகை இல்லை, பாத்திரம் உருளவில்லை, எத்தனை நேரம் என்று அவர் எண்ணவில்லை. செண்பகவல்லி வெளியே வந்தாள். இடுப்பில் மிருதுளாவைத் தூக்கி வைத்திருந்தாள், தூக்கும் வயதெல்லாம் தாண்டிய பிள்ளை, நீண்ட கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன, செண்பகவல்லி முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை, ரெண்டு பேரும் இன்னும் சாப்பிடலயாமே, நின்னுக்கிட்டு இருக்கீங்க, வாங்க என்ற குரலை மட்டும் கேட்டார்.